கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் ஒரு எர்த் குழி

"பட்ஜெட் எவ்வளவு?" வீட்டிலேயே கேமிங் கம்ப்யூட்டர் கட்ட நினைக்கிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். என்ன கேம் ஆடப்போகிறாய், மானிட்டர் 1080பியா 1440பியா, இன்டெல்லா ஏஎம்டியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். இந்தக் கேள்விகளில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாகத் தர்மபுரி வரைக்கும் உள்ள ஊர்களில், முதல் கேள்வி வேறாக இருக்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கிறதே, அதில் மேலே பெரிதாக இருப்பதற்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா? அந்த ஒயர் போய்ச் சேரும் இடத்தில் மண் இருக்கிறதா? அதாவது, வீட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா?

இதை யாரிடமாவது சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஃபிரேம் ரேட், ரே டிரேசிங் என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒயரிங் மேட்டரை எடுப்பது கல்யாண வீட்டில் செப்டிக் டேங்க் பற்றிப் பேசுகிற மாதிரிதான். இருந்தாலும் எனக்கு விட மனசில்லை. வீடியோக்களில் கம்ப்யூட்டர் கட்டிக் காட்டுகிறவர்கள் எல்லோரும், தமிழில் பேசுகிறவர்கள் உட்பட, ஏசி அறையில் நல்ல மேசையில் வைத்துத்தான் கட்டுகிறார்கள். அந்த அறையின் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பது படத்தில் வராது. நம்மிடம் அந்தப் பார்ட்ஸ் லிஸ்ட் மட்டும்தான் வந்து சேர்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வீடு காவேரிப்பட்டணத்தில். போன வருஷம் அக்கா மகன் பிளஸ் டூ முடித்த கையோடு கம்ப்யூட்டரை அப்கிரேடு பண்ணித் தரச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் இருந்தது, தர்மபுரியில் மூடப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பெட்டி. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. 2019 வாக்கில் கட்டியிருப்பார்கள். மோசமான பெட்டி என்று சொல்ல முடியாது. வேலரண்ட் கேம் நன்றாகவே ஓடியது. புதிதாக வரும் பெரிய கேம்களைத் திறந்தால்தான் மூச்சு வாங்கியது.

## ஒரே சாக்கெட், பல வருஷம்

மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்பதுதான் பையனின் திட்டம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் ஏஎம்டியின் ரைசன் பிராசசர் உட்காரும் இடம்) வைத்திருக்கிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். முதல் தலைமுறை ரைசன் 2017ல் அந்தச் சாக்கெட்டில்தான் வந்தது. 2022ல் வந்த ரைசன் 5 5600ம் அதே சாக்கெட்டில்தான் உட்காருகிறது. நடுவில் ஒரு சின்னக் கூத்தும் நடந்தது. பின்னால் ரைசன் 5000 வரிசையாக வந்த பிராசசர்கள் பி450 போர்டுகளில் வேலை செய்யாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது. வாங்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். அதே மாதத்திலேயே கம்பெனி இறங்கி வந்தது. நிறைய போர்டுகளில் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை புரோகிராம்) இருக்கும் சிப் வெறும் 16 எம்பி, எல்லா பிராசசர்களுக்கான கோடும் அதற்குள் அடங்காது என்பதுதான் ஆரம்பத்தில் சொல்லப்பட்ட காரணம். அப்புறம் பழைய பிராசசர்கள் சிலவற்றுக்கான ஆதரவைக் கழற்றி இடம் பண்ணிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தின் பலன் அஞ்சு வருஷம் கழித்துக் காவேரிப்பட்டணத்தில் கிடைத்தது. போர்டை மாற்றாமலே பத்தாயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு நல்ல பிராசசர்.

ஆனால் புது பிராசசரைப் பொருத்துவதற்கு முன்னால், பழையது இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். சில நிமிஷ வேலைதான். அந்தச் சில நிமிஷத்துக்குள் கரண்ட் போனால், பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இல்லாத போர்டு பெரும்பாலும் அவ்வளவுதான், கடைக்காரரிடம் கொண்டுபோய் சிப்பை எழுதி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்பதைப் பேப்பரிலேயே போட்டுவிடுகிறார்கள் என்பது ஒரு வசதி. மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்ன துணை மின்நிலையத்தில் இன்ன தேதி, காலை 9 மணியிலிருந்து மின்தடை என்று வரும். பேப்பரில் போடாமல் போகிற கரண்ட்டுக்குத்தான் யூபிஎஸ். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் 600 விஏ யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிவந்து, சாயங்கால நேரத்தைத் தவிர்த்து, காலையிலேயே அந்த வேலையை முடித்தோம். அந்தப் பர்சென்டேஜ் கோடு நகருகிற நேரம் முழுக்கப் பையன் யாரையும் மிக்சி போட விடவில்லை. யூபிஎஸ் இருக்கும்போது மிக்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அக்கா சட்னி அரைக்காமல் காத்திருந்தாள்.

கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 என்று முடிவானது. அப்போது விலை முப்பதாயிரத்தை ஒட்டி. மின்சாரம் வெறும் 115 வாட்தான் எடுக்கும் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. ரேம் 16 ஜிபியாக்கினோம். வாங்கியது எல்லாம் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோட்டில். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான், சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதைவிட நமக்கு இதுவே பக்கம். அந்தத் தெருவைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி நம் பக்கம் திருப்பிக் காட்டுவார், "பில் வேணுமா, வேண்டாமா?" என்பார். பில் இல்லாத விலை இனிக்கத்தான் செய்யும். கார்டு மூன்றாம் மாதம் படுத்துக்கொண்டால் வாரண்டிக்கு அந்த 18 சதவீத ஜிஎஸ்டி பில்லைத்தான் கேட்பார்கள். பில்லோடு வாங்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினோம்.

## நல்ல எஸ்எம்பிஎஸ் செய்த வேலை

வாங்கியதிலேயே நான் பிடிவாதமாக நின்றது எஸ்எம்பிஎஸ்ஸில்தான், அதாவது வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையில். பழையது கேபினெட்டோடு சும்மா வருகிற ரகம். வெளியே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிக்கு நேரே பார்த்தால் 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான் என்பதால், அந்த 450க்கு அர்த்தமே இல்லை. அதைக் கழற்றிவிட்டு, 550 வாட்டில் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை (கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ள ஒன்றைப் போட்டோம். கையில் எடுத்தாலே இரண்டுக்கும் கனம் வித்தியாசம் தெரியும். இன்புட் 100 முதல் 240 வோல்ட் வரை. இது எங்கள் ஊருக்கு ரொம்ப முக்கியம். சாயங்காலம் 180க்கு இறங்குகிற நாள்களில் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், இந்த எஸ்எம்பிஎஸ் அதைக் கண்டுகொள்ளாது. இதற்கென்று தனி ஸ்டெபிலைசரும் தேவையில்லை.

கட்டி முடித்தோம். முதல் தடவையே டிஸ்பிளே வந்தது. பையன் ராத்திரி முழுக்க ஆடினான். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவன், ஈரக் காலோடு சிமென்ட் தரையில் நின்றுகொண்டு பெட்டிக்குப் பின்னால் யூஎஸ்பி செருகப் போனான்.

"மாமா, ஜிவ்வுங்குது."

நானும் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் அடித்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்குரூ தலையில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு, தோலுக்கடியில் எறும்பு ஊர்வது போல. டெஸ்டர் வைத்தோம், உள்ளே சிவப்பாக எரிந்தது. மல்டிமீட்டர் 110 சொச்சம் காட்டியது. அக்கா வீட்டுக்காரர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: புது எஸ்எம்பிஎஸ் டிஃபெக்ட், பழையது எத்தனை வருஷமா ஓடுச்சு, ஒரு தடவையாவது அடிச்சதா? நாளைக்கே பெங்களூருக்குப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கதி தலைகீழ். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் நுழைகிற இடத்திலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் பெரும்பாலும் நீல நிறத்தில், பொத்தான் அளவுக்கு இரண்டு கெப்பாசிட்டர்கள். ஒன்று ஃபேஸிலிருந்து (கரண்ட் வரும் ஒயர்) இரும்புக் கூட்டுக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பும் ஒயர்) கூட்டுக்கு. எஸ்எம்பிஎஸ் நொடிக்குப் பல்லாயிரம் தடவை சுவிட்ச் ஆகும்போது கிளம்பும் மின் இரைச்சலை எர்த் பக்கம் தள்ளிவிடுவது இவற்றின் வேலை. எர்த் ஒழுங்காக இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கூடு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்கும். 230ல் பாதி, 115. மீட்டர் காட்டியது அதைத்தான். கசிகிற மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் தூக்கிப் போடவில்லை, ஜிவ்வென்றதோடு நின்றது.

அப்படியானால் பழையது ஏன் அடிக்கவில்லை? ஓரங்கட்டி வைத்திருந்த அதை ஸ்குரூ கழற்றிப் பார்த்தேன். (நீங்கள் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும்.) ஃபில்டர் வர வேண்டிய இடத்தில் போர்டில் வெள்ளை எழுத்து மட்டும் அச்சடித்திருந்தது. பாகங்கள் எதுவும் இல்லை. கம்பிச் சுருள் (காயில்) இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். பத்திருபது ரூபாய் மிச்சம் பிடிக்க எதையெல்லாம் விடலாமோ அதையெல்லாம் விட்டிருந்தார்கள். கெப்பாசிட்டரே இல்லாததால் கசிவும் இல்லை, ஷாக்கும் இல்லை. உருப்படியான சாமானை வாங்கி வைத்ததும், வீட்டின் கோளாறை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

ஜிவ்வுதானே, செருப்பு போட்டுக்கொண்டு ஆடட்டுமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் செருகுகிறோம் என்று வையுங்கள். கேபிள்காரர் இழுத்த ஒயர் வழியாக டிவியின் கூடு வேறு எங்கோ மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் 115, அந்தப் பக்கம் சுழியம். செருகுகிற நொடியில் அந்த வித்தியாசம் எச்டிஎம்ஐ போர்ட் வழியாகப் பாயும். முப்பதாயிரம் ரூபாய் கார்டின் போர்ட் போவதற்கு அது போதும். அதைவிடப் பெரிய பயம், உள்ளே என்றைக்காவது ஃபேஸ் நேராகக் கூட்டில் பட்டால் என்ன ஆகும் என்பது. எர்த் நன்றாக இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் ஒன்றும் போகாது, யாராவது தொடுகிற வரைக்கும் பெட்டி காத்திருக்கும்.

## டெஸ்ட் லேம்ப்

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் பையன் பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சிம்பிள்ணா, நியூட்ரல்லருந்து எர்த்துக்கு ஒரு லூப் அடிச்சிடறேன்" என்றான். இதை நிறைய வீடுகளில் செய்கிறார்கள். அந்த நிமிஷமே ஜிவ்வு நின்றுவிடும், கைக்காசு வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ நியூட்ரல் ஒயர் லூஸாகி விட்டுப்போனால், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பல்பு, ஃபேன் வழியாக முழு 230 வோல்ட்டும் அந்த லூப்பில் ஏறி இரும்புப் பெட்டிக்கு வந்து நிற்கும். ஜிவ்வென்றது அப்போது கையை விடாது. எங்கள் ஊரில் காற்றடித்தால் நியூட்ரல் போவது அதிசயமே இல்லை. லூப் வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்த ரிட்டயர்டு வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டோம்.

அவர் மல்டிமீட்டரைத் தொடவே இல்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய ஹோல்டரை எடுத்தார், அதில் 100 வாட் குண்டு பல்பு, ரெண்டு ஒயர் தொங்கியது. ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரல் ஒயரை எடுத்து மேல் ஓட்டையில் வைத்தார். ஒன்றும் இல்லை, உள்ளே இழைகூடச் சிவக்கவில்லை. "தம்பி, இது அழகுக்கு வெச்ச ஓட்டை" என்றார். மீட்டர் வைத்திருந்தால் சில சமயம் ஏதாவது வோல்ட்டேஜ் காட்டி ஏமாற்றும். பல்பு ஏமாற்றாது, அது எரிய நிஜமாகவே கரண்ட் ஓட வேண்டும். (இதையும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அப்படி எரியும்போது எர்த்தில் தொடுத்திருக்கும் மற்ற சாமான்களுக்கும் கரண்ட் வர வாய்ப்பு உண்டு. அதனால்தான் எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.)

அப்புறம் அவர் பச்சை ஒயரைத் தேடிக்கொண்டு போனார். சாக்கெட்டில் இருந்தது. சுவிட்ச் பாக்ஸிலும் இருந்தது. மீட்டர் போர்டு வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே மற்ற பச்சை ஒயர்களோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தது. அங்கிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி கீழே இறங்கியது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துருவேறி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அதற்குக் கீழே, வீடு கட்டின காலத்தில் தோண்டிய எர்த் குழியின் மேல், வண்டி நிறுத்தச் சிமென்ட் போட்டு டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. தண்ணீர் ஊற்ற வழியில்லை. குழி இருக்கும் இடமே யாருக்கும் ஞாபகமில்லை.

இவ்வளவையும் அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் வயர்மேனிடம் ஒன்று கேட்டாள். "அண்ணா, அப்போ கிரைண்டர் ஷாக் அடிக்கிறதும் இதனாலதானா?"

கிரைண்டர் அடிக்கிற விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும், மாவு ஆட்டுகிறவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை. துணி எடுக்கும்போது அதன்மேல் ஏறி நின்றுகொள்ள வேண்டும். அக்காவுக்கு அவள் மாமியார் சொல்லிக்கொடுத்தது, மகனுக்கு அக்கா சொல்லிக்கொடுத்தது. பொருளின் குணமே அப்படி என்கிற மாதிரி. "ஆமாம்மா, அதுவும் இதும் ஒண்ணுதான்" என்றார் வயர்மேன். அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். "கிரைண்டர் அடிச்சா செருப்பு போட்டுக்கோம்பீங்க. பொட்டி அடிச்சா மட்டும் ஆளையே கூட்டிட்டு வருவீங்களா?"

அக்கா வீட்டுக்காரர் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னும் ஓயாமல் இருப்பது இந்த இடம்தான். அதற்கப்புறம் போகிற வீடுகளில் எல்லாம் கண் தானாக அந்தச் செருப்பைத் தேடுகிறது. நிறைய இடங்களில் இருக்கிறது. செருப்பு இல்லாவிட்டால் கோணிச் சாக்கு, பிளாஸ்டிக் ஸ்டூல். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் துணி சுற்றியிருப்பதில்கூடச் சிலது இந்தக் கணக்குதான். ஈரக் கையோடு தொடாதே, புறங்கையால் தொட்டுப் பார் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கவனியுங்கள். வீட்டில் எர்த் இல்லை என்கிற தகவல்தான் அது, சமையல்கட்டு பாஷையில். அந்தத் தகவல் ஹாலுக்கு வந்து சேர ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. அந்த வீட்டில் அதற்கு முன்னால் டிவி மாறியது, இன்வெர்ட்டர் வந்தது, கேமரா மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் எலக்ட்ரீஷியன் வந்துபோனார். எர்த்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

## பாறை

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார் வயர்மேன். தினமும் தண்ணீர் ஓடி மண் ஈரமாகவே இருக்கும் இடம். எர்த்துக்கு ஈரம்தான் உயிர். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் ஒன்று, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூட வேண்டும் என்பது பழைய முறை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எங்கள் மாவட்டங்களில் தோண்டுவதுதான் கஷ்டம். இந்தப் பூமி முழுக்க மிகப் பழைய பாறை, மேலே செம்மண் போர்வை மாதிரிதான். கிருஷ்ணகிரி கிரானைட் கப்பலேறுவதும், ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்டும் புகை மட்டும் வருவதும் ஒரே காரணத்தால்தான். கடப்பாரை இடுப்பளவு இறங்கியதும் ணங்கென்று சத்தம் வந்தது. கொஞ்சம் தள்ளித் தோண்டினாலும் அதே பாறை, சரிவாகப் போனது. கடைசியில் அந்தச் சரிவை ஒட்டியே குழியை நீட்டி, பைப்பைச் சாய்த்து இறக்கினார். மேலே ஒரு புனல் வைத்து, சுற்றிலும் செங்கல் கட்டி, மூடி போட்டார். வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் என்று பையனிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

போர் கேசிங் பைப்பிலேயே எர்த் கம்பியைக் கட்டிவிடலாமே என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மோட்டார் கேபிள் தோல் உரிந்து கேசிங்கில் பட்டால் அந்தக் கரண்ட் வீட்டு எர்த் முழுக்க ஏறும், இன்றைக்குக் கேசிங் எல்லாம் பிவிசி வேறு என்று சொல்லி வயர்மேன் அதை முடித்துவிட்டார்.

மறுபடி டெஸ்ட் லேம்ப். இந்தத் தடவை ஃபேஸிலும் எர்த்திலும் வைத்ததும் குண்டு பல்பு முழுசாக எரிந்தது. கேபினெட்டில் டெஸ்டர் அணைந்திருந்தது. மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. அதற்கப்புறம் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றைப் போட்டார். அது போட்ட சாயங்காலமே தன் வேலையைக் காட்டியது. கிரைண்டர் பிளக்கைச் செருகியதும் வீடு முழுக்க இருட்டு. தூக்கிவிட்டால் மறுபடி இருட்டு. கம்ப்யூட்டர் மாதிரி கிரைண்டர் வெறும் ஃபில்டர் கசிவில் ஜிவ்வென்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மோட்டாருக்குள் மாவுத் தண்ணீர் இறங்கி, வைண்டிங் கூட்டோடு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் வந்தது ஒரு மில்லி ஆம்பியருக்குக் கீழே, இதில் ஆர்சிசிபியையே விழவைக்கிற அளவுக்கு. அத்தனை காலமும் நடுவில் இருந்தது அந்த ரப்பர் செருப்பு மட்டும்தான். மோட்டாரை ரீவைண்டிங் கொடுத்தோம்.

மொத்தச் செலவு, பைப், கரி, கூலி, ஆர்சிசிபி எல்லாம் சேர்த்து, கார்டு விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் கணக்கு நோட்டில் அதைக் கம்ப்யூட்டர் செலவு என்று எழுதினார். அக்கா அதை அடித்துவிட்டு வீட்டுச் செலவில் எழுதினாள்.

## மே மாதம்

எர்த் சரியானதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்து வெயில் வந்தது. கார்டின் சூடு எவ்வளவு என்று ரிவியூக்களில் சொல்கிறார்களே, அது பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் அளந்தது. கார்டு தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி அதிகமாக ஓடும் என்பதுதான் விஷயம். அங்கே 65 காட்டினால், மதியம் 38 டிகிரியில் கொதிக்கும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே 78, 80 என்று காட்டும். அதற்காகப் பயந்து கம்ப்யூட்டருக்குள் வைக்கிற தண்ணீர் கூலர் எல்லாம் வாங்க வேண்டியதில்லை, அதுவும் அதே சூடான காற்றைத்தான் உள்ளே இழுக்கும். கார்டின் பவர் லிமிட்டை 80, 85 சதவீதத்துக்கு இறக்கினோம். ஃபிரேம் ரேட்டில் இழப்பு கண்ணுக்கே தெரியவில்லை, ஃபேன் சத்தம் பாதியானது. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ்தான் என்பதால் ஃபிரேமையும் அதிலேயே கட்டிப்போட்டோம். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஆட்டம் கிடையாது என்று அக்கா போட்ட சட்டம்தான் இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது.

தூசி ஒரு பக்கம், மாம்பழ சீசனில் லாரிகள் ஓட ஓட முன்பக்க வலையில் செம்மண் படிந்துவிடும், பழைய டூத் பிரஷ் போதும். கேபினெட்டுக்குப் பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட் இடைவெளிகளைத் தகடு போட்டு மூடச் சொல்வது என் தனிப்பட்ட வேண்டுகோள். கண்ணாடிப் பக்கம் ஆர்ஜிபி விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு எஸ்எம்பிஎஸ் கதகதப்பாக இருக்கும். மிச்சத்தை நான் விவரிக்கவில்லை.

பையன் இப்போது 32 ஜிபி ரேம் கேட்கிறான். அன்றைக்கு எஸ்பி ரோட்டில் 16 ஜிபிக்குக் கொடுத்த காசுக்கு இன்று பாதிகூடக் கிடைக்காது. மெமரி செய்கிற கம்பெனிகள் எல்லாம் ஏஐ சர்வர்களுக்குச் செய்வதில் லாபம் கண்டுவிட்டன. இந்தப் போர்டுக்கான டிடிஆர்4 வகை ரேம் தயாரிப்பையே குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டு ரேம் வியாபாரத்திலிருந்தே விலகுவதாகச் சொல்லிவிட்டது. எப்போது விலை இறங்கும் என்று பையன் தினமும் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா இதற்குள் வயர்மேனிடம் பேசி, வாஷிங் மெஷினுக்குத் தனி லைன் இழுக்க நாள் குறித்துவிட்டாள். ரேம் அதற்கு அப்புறம்தான்.